டில்லரியின் ஞானத்தகப்பன்

நார்ப் ஷிம்கோவியாக்கின் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். தடித்த குளிர்காலச் சட்டை போட்டிருந்தாலும் தெரியும். உலை முன்னால் நின்று வேலை பார்த்ததால் வந்தது என்று ஒரு மருத்துவர் சொன்னார். வயது என்று இன்னொருவர் சொன்னார். அவன் மனைவி டெல்ஃபீன் இரண்டு பேரையும் இடைமறித்துத் திருத்தினாள். "அதெல்லாம் இல்ல டாக்டர். அந்தத் தோளுக்கு ஒரு பேரு இருக்கு. ப்ராக் டில்லரி."

கண்ணாடி ஆலைகளால் பேர்வாங்கிய எங்கள் டொலிடோ நகரில் வயதானவர்கள் யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம். மரியாதை தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்றவர்கள் துப்புவார்கள். டில்லரி கொலைகாரன் இல்லை. எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டோக்கர்ஸ் ஒரு வசந்தத்தில் டிராஃப்டில் எடுத்த குவார்ட்டர்பேக், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தவேண்டியவன். நடத்தவில்லை.

டிராஃப்ட் என்பது ஒரு வினோதமான நீதி. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் ஒவ்வொன்றாக, சுற்றுச் சுற்றாக வந்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. போன பருவத்தில் எவன் மிக மோசமாகத் தோற்றானோ அவனுக்கு முதல் தேர்வு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோற்றவன் ஏன் தோற்றான்? பெரும்பாலும் போன தடவை தவறாகத் தேர்ந்தெடுத்ததால். அவனிடமே மறுபடியும் "நீ முதலில் எடு" என்கிறார்கள். எங்கள் அணி அநேகமாக எல்லா வருடமும் வரிசையின் முன்னால் நின்றது. அதனால் எங்கள் ஊரில் இலையுதிர்காலம் முழுக்க அவமானமும் வசந்தத்தில் ஒரே ஒரு நாள் நம்பிக்கையும் இருந்தன. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மனிதர்கள் வாழ்ந்தார்கள். வாழ்ந்தார்கள் என்று சொல்கிறேன், நன்றாக வாழ்ந்தார்கள் என்று சொல்லவில்லை.

லக்ரேஞ்ச் தெருவில் பெர்னியின் பார் இருந்தது. பெர்னி புருஷன் செத்த பிறகு அதைத் தனியாக நடத்தினாள். பீரோடு பெரோகி என்ற அவித்த கொழுக்கட்டையும் விற்றாள். இரண்டு ஆட்களைச் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே நேரத்தில் வெளியே தள்ளக்கூடியவள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. டிராஃப்ட் அன்று நம் அணியின் முறை வருவதற்கு முன்னால் யார் வேண்டும் என்று எல்லாரும் கத்துவார்கள். அணி ஒருவனை எடுத்ததும், அவன் பெயரை முதலில் கத்தியவன் யாரோ அவனே அந்தப் பையனுக்கு ஞானத்தகப்பன். பெர்னி ஒரு குவளை பீரை அவன் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் செய்வாள். அதற்குப் பிறகு அந்தப் பையன் நம் அணியில் இருக்கும்வரை அவன் செய்வதெல்லாம் ஞானத்தகப்பன் கணக்கு. பையன் புள்ளி எடுத்தால் ஞானத்தகப்பனுக்கு எல்லாரும் குடிக்க வாங்கித் தரவேண்டும். பந்தை நழுவவிட்டாலோ எதிரி கையில் கொடுத்தாலோ பாரில் இருக்கிற ஒவ்வொருவனும் எழுந்து வந்து ஞானத்தகப்பனின் இடது தோளில் ஒரு குத்து விடவேண்டும்.

அடி வாங்குகிறவன் இரண்டு உள்ளங்கைகளையும் பீர் பரிமாறும் மேடைப்பலகை மேல் விரித்து வைத்திருக்க வேண்டும். கையைத் தூக்கக் கூடாது. மெல்ல அடிப்பது அவமதிப்பு, மெல்ல அடித்தவன் மறுபடி அடிக்கவேண்டும். வாயால் ஒருவனைச் சிபாரிசு செய்தவன் உடம்பால் அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் இதன் உள்ளர்த்தம். அணியின் அலுவலகத்தில் அந்தப் பையன்களுக்குக் கையெழுத்திட்ட கனவான்கள் எவர் தோளும் வலித்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த அளவில் பெர்னியின் பார் நேர்மையான இடம். அதற்கு மேல் அதைப் பாராட்ட என்னிடம் எதுவும் இல்லை.

நார்ப் தன் வாழ்க்கையை இந்தத் தேர்வுகளை வைத்தே ஞாபகம் வைத்திருந்தான். கல்யாணம் எந்த வருடம் என்று கேட்டால், "லாமோன்ட் ஈஸ்லியை எடுத்த வருஷம்" என்பான். ஈஸ்லி பந்தை ஏந்தி ஓடுகிறவன். இரண்டு பருவம் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். அவனுக்கு ஞானத்தகப்பன் காஸ் பிலார்ஸ்கி. ஓசி பீரில் காஸுக்குத் தொப்பை விழுந்தது. மூன்றாவது பருவத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் ஈஸ்லியின் முழங்காலில் மோதினார்கள். கால் முன்பக்கமாக மடங்கியது. அரங்கில் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். அன்றைக்குப் பாரில் யாரும் காஸை அடிக்கவில்லை. காயத்துக்குக் குத்து இல்லை என்பது விதி.

நார்ப்பின் மகள் பிறந்தது, விமானம் ஏறப் பயந்த ஒரு முன்வரிசை ராட்சசனை எடுத்த வருடம். அவன் உள்ளூர் ஆட்டங்கள் மட்டும் ஆடினான். நார்ப்பின் அப்பா செத்தது, தேர்வையே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒரு கிழட்டு வீரனை வாங்கிய வருடம். அந்த வருடம் ஞானத்தகப்பன் இல்லாததால் எல்லாரும் பெர்னியின் குளிர்பெட்டியைக் குத்தினார்கள். நெளிந்த கதவை அவள் கடைசிவரை மாற்றவில்லை.

"அப்ப என்னை எத்தனாவது ரவுண்டுல எடுத்தே?" என்று டெல்ஃபீன் ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏழாவது," என்றான் நார்ப்.

"கடைசி ரவுண்டா?"

"கடைசி ரவுண்டுல எடுத்ததுதான்டி நின்னு ஆடுது."

காஸ் பிலார்ஸ்கியும் நார்ப்பும் ஒரே கண்ணாடி ஆலையில், ஒரே பாட்டில் வார்க்கும் இயந்திரத்தின் இரண்டு பக்கத்தில் எதிரெதிரே நின்றவர்கள். பழுக்கக் காய்ந்த அச்சுகளுக்குள் எண்ணெய்த் தூரிகையை நுழைத்து எடுக்கும் வேலை. அரை நொடி தாமதித்தால் இயந்திரம் கையைக் கேட்கும். எதிரே நிற்கிறவன் கண்ணைப் பார்த்து, அவன் தலையசைப்புக்குக் கையை இழுக்கவேண்டும். நான் அதே ஆலையில் பாட்டில்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அவர்கள் இருவரும் அந்த இரைச்சலில் பேசிக்கொண்டதைப் பார்த்ததில்லை. பேசவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது நிர்வாகம் வெளியாட்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. வாசலில் நடந்த அடிதடியில் ஒரு இரும்புக் குழாய் நார்ப்பின் வாயில் விழுந்து இரண்டு பற்களைக் கொண்டுபோனது. காஸ் அந்தக் குழாயைப் பிடுங்கி அதன் சொந்தக்காரனின் மணிக்கட்டை உடைத்தான். பிறகு நார்ப்பைத் தோளில் போட்டுக்கொண்டு லக்ரேஞ்ச் தெருவரை நடந்தான். வழியெல்லாம், டிராஃப்டில் யாரை எடுத்திருக்கவேண்டும் என்று சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள். பல் போன வாயோடு நார்ப் பேசியது பாதி புரியவில்லை என்று காஸ் பின்னால் சொன்னான். "புரிஞ்ச பாதியும் தப்பு."

தொண்ணூற்று நான்காம் வருடம் அணிக்கு இரண்டாவது தேர்வு கிடைத்தது. ஊரே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் டில்லரி: உயரமானவன், பொன்னிறத் தலைமுடி, பந்தை ஏரியின் மறுகரைக்கு எறிவான் என்று பேச்சு. இன்னொரு பக்கம் ரூபென் ஹாக் என்ற தடுப்பாட்டக்காரன்: குள்ளம், கழுத்தே இல்லாதவன், ஆட்களை மோதித் தரையில் அறைகிறவன். நார்ப் டில்லரி பக்கம். காஸ் ஹாக் பக்கம்.

"உனக்கு அடிக்கிறவனைத்தான் புடிக்கும். யோசிக்கிறவனைப் புடிக்காது," என்றான் நார்ப்.

"யோசிக்கிறவனா? அவன் பல்லு வரிசையைப் பாத்து ஏமாந்துட்டே. உனக்கு இல்லாதது அது ஒண்ணுதான்."

"டேய், மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சிட்டுப் பாருடா."

காஸ் கனமான கண்ணாடி வில்லைகள் போட்ட மூக்குக்கண்ணாடி அணிவான். உலகம் முழுக்க பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் மாறவில்லை. கண் மருத்துவர் எவ்வளவோ சொன்னார். "இந்த ஊருல பொறந்துட்டு பிளாஸ்டிக் வழியா உலகத்தைப் பாக்கறவன் பேரையே ஆலை வாசல்ல எழுதி ஒட்டணும்" என்பான் காஸ். எங்கள் ஊரில் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் நினைக்கவில்லை. பாதிப்பேர் அவனைப் போலவே நிஜக் கண்ணாடிதான் அணிந்திருந்தோம்.

தொலைக்காட்சியில் டில்லரியின் பெயரைப் படித்ததும் நார்ப் நாற்காலி மேல் ஏறி நின்றான். பெர்னி அவன் தலையில் பீரை ஊற்றினாள். ஈரத் தலையோடு அவன் சிரித்ததை நான் பார்த்தேன். வேறொருவனின் எதிர்காலத்துக்காக ஒரு மனிதன் அவ்வளவு மகிழ்வது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

முதல் பருவத்தில் டில்லரி பந்தைப் பெரும்பாலும் எதிரிகளுக்கே வீசினான். ஒரு ஞாயிறு ஆட்டம் போனால் நார்ப்பின் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை வலது கையால் மட்டும் தூரிகை பிடிப்பான். புதன் வாக்கில் இடது கை மேலே எழும்பும். அடுத்த ஞாயிறு மறுபடி. டெல்ஃபீன் ஐஸ் மூட்டை வைத்துக்கொண்டே திட்டுவாள். "வேற எவனுக்கோ பொறந்த புள்ளைக்கு நீ அடி வாங்குறே. நம்ம புள்ளைக்குக் காய்ச்சல்னா தூங்கிடுறே."

அவனுக்கு அதில் ஒரு கௌரவம் இருந்தது. மேடைப்பலகையில் உள்ளங்கைகளை விரித்து வைத்து, ஒவ்வொருவன் அடிக்கும்போதும் அவன் பெயரைச் சொல்லி நன்றி சொல்வான். காஸ் மட்டும் குத்திவிட்டு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வான். "ஹாக்." அவ்வளவுதான். ஹாக்கை எடுத்துக்கொண்ட வேறு அணியில் அவன் அப்போதே பெரிய பெயர் வாங்கியிருந்தான். சாதாரணமாக, நாம் தேர்ந்தெடுக்காதவன் நம் கற்பனையில் ஒருபோதும் பந்தை நழுவவிடுவதில்லை, அதனால் அவனோடு யாரும் போட்டியிட முடியாது. நார்ப்பின் துரதிர்ஷ்டம், ஹாக் நிஜத்திலும் நழுவவிடவில்லை.

மூன்றாவது பருவத்தில் ஒரு நவம்பர் ஞாயிறு ஹாக்கின் அணி டொலிடோவுக்கு வந்தது. பாரில் நிற்க இடமில்லை. ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் டில்லரி பந்தோடு பின்வாங்கி, எங்கே வீசுவது என்று தேடிக்கொண்டு நின்றான். ஹாக் அவன் பார்க்காத பக்கத்திலிருந்து வந்தான். தலைக்கவசம் டில்லரியின் விலாவுக்குள் புகுந்தது. பந்து மேலே எகிறியது. ஹாக் எழுந்து அதைப் பிடித்து, தரையில் புரண்டு கொண்டிருந்த டில்லரியைத் தாண்டி ஓடிப் புள்ளியும் எடுத்தான்.

பாரில் சிரிப்பும் கெட்ட வார்த்தையும் ஒன்றாக வெடித்தன. டில்லரி எழுந்து உட்கார்ந்துவிட்டதால் காயம் என்று சொல்லவும் வழியில்லை. நார்ப் கைகளை விரித்து வைத்தான். வரிசையாக அடித்தார்கள். கடைசியில் காஸ் வந்தான். அவன் குத்து மற்றவர்களுடையதைவிடக் கனமாக விழவில்லை. குனிந்து நார்ப்பின் காதருகில் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் கனம்.

"இது என்னோடது இல்லடா. இது ஹாக் குடுத்து அனுப்பினது."

நார்ப்பின் வலது கை பலகையைவிட்டு எழுந்தது.

அவன் திரும்பியதையும் அடித்ததையும் தனித்தனியாக நான் பார்க்கவில்லை. காஸ் பின்னால் சரிந்து இரும்புக் கால்தாங்கியில் தலை மோத விழுந்தான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் வந்தது, ரத்தத்தோடு சின்னச் சின்னக் கண்ணாடித் துணுக்குகளும். நார்ப் மண்டியிட்டு அந்தக் கைகளை விலக்கப் பார்த்தான். "காட்டுடா, காட்டுடா காஸ்" என்று கத்தினான். அவன் முஷ்டியிலும் துணுக்குகள் குத்தி நின்றன. பெர்னி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, தானே வழுக்கி விழுந்ததாகக் காஸ் சொன்னான். பாரில் இருந்த எல்லாரும் அதையே சொன்னோம். நார்ப் நிலையத்துக்குப் போய் நான்தான் அடித்தேன் என்று சொன்னான். பாதிக்கப்பட்டவன் இல்லை என்கிறான், நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். தண்டனையை அவனுக்குக் கொடுத்தது பெர்னிதான். வாசலில் வைத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "இனி நீ இந்தப் படி ஏறணும்னா காஸ் வந்து கூப்பிடணும். நான் கூப்பிட மாட்டேன். வேற எவனும் கூப்பிடக் கூடாது."

காஸ் கூப்பிடவில்லை. வைதிருந்தாலும் நார்ப் தாங்கியிருப்பான். காஸ் பேச்சையே நிறுத்திவிட்டான். ஆலையில் ஒற்றைக் கண்ணோடு இயந்திரத்தின் முன் நிற்க விடமாட்டார்கள், கிடங்குக்கு மாற்றினார்கள். ஈஸ்டருக்கு டெல்ஃபீன் கையில் நார்ப் அனுப்பிய கீல்பாசா தொத்திறைச்சி அப்படியே திரும்பி வந்தது. கோயிலில் காஸ் அவனைத் தாண்டிப் போவான், தூணைத் தாண்டிப் போவது போல.

டில்லரியை அணி மறுவருடமே கழற்றிவிட்டது. அவன் எங்கேயோ தெற்கே கார் விற்பதாகக் கேள்விப்பட்டோம். அவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரிந்திருக்காது.

வருடங்கள் போயின. ஆலையின் உலைகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நான் பாரிலிருந்து நார்ப் வீட்டுக்குப் போவேன். ஆட்டத்தை அவன் தன் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான். அவனுக்கு வேண்டியது அது இல்லை.

"யாரு யாரு வந்தாங்க? நம்மாளு தப்பா தூக்கி எறிஞ்சானே, அப்ப என்ன கத்தினாங்க?"

நான் சொல்வேன்.

"பெர்னி?"

"தொடப்பத்தைத் தூக்கி டிவி மேல எறியப் போனா."

சிரிப்பான். பிறகு எழுந்து எதையாவது எடுத்து வைப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பான். "காஸ் ஏதாச்சும் சொன்னானா?"

ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நான் பாவனை செய்வேன். அதில் காஸ் சொன்னதைச் சொல்வேன். அவன் காத்திருந்தது வேறு வார்த்தைக்கு என்பது இருவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் வலது கையை மூடுவதே இல்லை. சுத்தியலைக்கூட இடது கையில் பிடித்தான். சட்டைப் பொத்தான் போட டெல்ஃபீனைக் கூப்பிட்டான். "கை நல்லாத்தான் இருக்கு. மூடினா ஏதோ உள்ள குத்துதாம்," என்றாள் அவள். துணுக்குகள் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. உடம்புக்கு எக்ஸ்ரேயைவிட நல்ல ஞாபகசக்தி இருக்கிறது.

போன வருட டிராஃப்டில் காஸ் ட்ரெவான் பீல் என்ற பையனின் பெயரைக் கத்தினான். பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன். அணி அவனையே எடுத்தது. பல வருடங்களுக்குப் பிறகு காஸின் தலையில் பீர் விழுந்தது. அப்போது அவனுக்கு அறுபத்தாறு வயது. பீல் வேகமானவன், அழகாக ஓடினான், பிடிக்கத்தான் வரவில்லை. பந்து கையில் பட்டுக் கீழே விழும். ஒவ்வொரு ஞாயிறும் விழுந்தது. காஸ் கைகளை விரித்து வைப்பான். வரிசையாக எழுந்து போய் அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்தோம். தொட்டோம் என்பதுதான் சரியான சொல். அவன் கண்ணை இழந்த நாளிலிருந்து அந்தப் பாரில் யார் குத்தும் குத்தாக இருக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் நான் நார்ப் வீட்டு முற்றத்தில் இலை வாரிக்கொண்டிருந்தேன். நார்ப் ஏணியில் நின்று கூரைத் தகடு சரிசெய்துகொண்டிருந்தான். ஒரு வண்டி வந்து நின்றது. காஸ் இறங்கினான். நார்ப் ஏணியிலேயே உறைந்துபோனான்.

"எறங்கு," என்றான் காஸ்.

நார்ப் இறங்கினான். டெல்ஃபீன் வாசலுக்கு வந்தாள், மாவு அப்பிய கையோடு.

"ஞாயித்துக்கிழமை பாருக்கு வா."

டெல்ஃபீன்தான் கேட்டாள். "எதுக்குக் காஸ்?"

"என்னை அடிக்க."

"என்னடா சொல்றே?" என்றான் நார்ப். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"பீல் பந்தைப் போடுவான். அதுல சந்தேகமே இல்ல. இவனுங்க எழுந்து வந்து அடிக்கிறானுங்களா? தூசி தட்டுறானுங்க." காஸ் என்னைக் கையால் காட்டினான். "இதோ நிக்கிறானே, இவன் போன வாரம் என் தோளைத் தடவிக் குடுத்தான். நான் செத்தா பொணத்தைக்கூட இவ்வளவு மெதுவா தொட மாட்டானுங்க. நீ வா. ஒழுங்கா அடி. அப்பறம் உன் இடத்துல உக்காரு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, இன்னொரு தடவை வரமாட்டேன்."

வண்டி போனது. நார்ப் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போகாத," என்றாள் டெல்ஃபீன். "உன்னால முடியாது. அவன் முகத்துல நீ இன்னொரு தடவை அடிக்கிறதை நான் கேள்விப்படக் கூடாது."

"தோள்லதான்."

"தோளும் அவனோடதுதானே?"

நார்ப் ஏணியை எடுத்துச் சுவரோடு சாய்த்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவனிடம், செய்த குற்றத்தை மறுபடி செய் என்று சொல்வது எந்த வகை நீதி என்று இரண்டு நாள் யோசித்தேன். அது டிராஃப்டின் நீதியை ஒத்திருந்தது, அதற்கு மேல் போக முடியவில்லை.

ஞாயிறு அவன் வந்தான். பெர்னி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, காஸைப் பார்த்தாள். காஸ் தலையசைத்தான். நார்ப் உள்ளே வந்து எல்லாருக்கும் பின்னால் சுவரோடு நின்றான். எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்கள்.

முதல் பாதியில் பீல் இரண்டு பந்தைப் பிடித்தான். எங்களுக்கு அது பிடிக்கவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாதி நேரம் தாண்டியதும் பந்து அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. இரண்டு கையிலும் பட்டு, மார்பில் பட்டு, புல்லில் விழுந்தது.

காஸ் உள்ளங்கைகளை மேடைப்பலகையில் விரித்து வைத்தான். நாங்கள் எழுந்து போனோம். தட்டினோம். காஸ் ஒவ்வொரு தட்டுக்கும் கொட்டாவி விட்டுக் காட்டினான்.

"நார்ப். உன் முறை," என்றாள் பெர்னி.

நார்ப் நடந்து வந்தான். வலது கையைத் தூக்கினான். விரல்கள் முழுதாக மூடவில்லை. காஸின் தோளில் அது விழுந்தது தெரியவே இல்லை.

"என்னடா இது? பூனைக்குத் தலை சீவி விடுறியா? மறுபடி," என்றான் காஸ்.

இரண்டாவதும் அப்படியேதான். யாரோ பின்னால் இருமினார்கள். நார்ப் கையைக் கீழே இறக்கினான். "முடியல காஸ். நான் போறேன்," என்றான்.

காஸ் கைகளை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி, மீதமிருந்த கண்ணால் அவனைப் பார்த்தான். "போ. போய் வீட்டுல உக்காந்து இவனை வரவெச்சு நான் என்ன பேசினேன்னு கேளு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" குரல் உயர்ந்தது. "கண்ணு போனதுல இருந்து இந்த ஊருல ஒருத்தன் என்கூட எதுத்துப் பேசினதில்ல. நான் எவன் பேரைக் கத்தினாலும் சரி காஸ், நல்ல தேர்வு காஸ்ங்கிறானுங்க. பீலை எடுக்கச் சொன்னேன்! பீலை! பைத்தியமா உனக்குன்னு ஒருத்தன் கேக்கல. நீ இருந்திருந்தா கேட்டிருப்பே."

"பீலா?" என்றான் நார்ப். அவனை மீறி வந்தது. "அவன் கல்லூரியிலயே பந்தைப் போட்டவன்தானேடா. நாய்க்குக்கூடத் தெரியுமே. அந்த ஆளை எதுக்குடா..."

"அப்ப அடி! அடிச்சுச் சொல்லு!"

நார்ப்பின் விரல்கள் மூடின. நான் அதைப் பார்த்தேன், ஒவ்வொன்றாக மூடின. அவன் இடுப்பிலிருந்து திரும்பி அடித்தான்.

காய்ந்த கிளை ஒடிகிற சத்தம். காஸின் வலது உள்ளங்கை பலகையில் அப்படியே இருந்தது. இடது கை மட்டும் வழுக்கி விழுந்து தொங்கியது. முகம் வெள்ளையானது. அவன் கீழே விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டான். நார்ப் தன் கையைப் பிறத்தியாரின் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"காறை எலும்பு போச்சு," என்றாள் பெர்னி, அவன் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனேன்.

"ஆம்புலன்ஸ் ஒண்ணும் வேணாம்," என்றான் காஸ். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது. "கொண்டுபோய் விட வண்டி இருக்கே. டேய் நார்ப், நிக்காத, அந்தக் கையைப் புடி. அந்தக் கை இல்லடா முட்டாள், இன்னொண்ணு."

பெர்னி ஒரு துண்டைக் கிழித்து அவன் கையைக் கழுத்தோடு கட்டினாள். கட்டிக்கொண்டே, நார்ப்பை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "அடுத்த வாரம் பெரோகி வேணும்னா சனிக்கிழமையே சொல்லிடணும். மிச்சம் வெக்க மாட்டேன்."

நான் வண்டி ஓட்டினேன். அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். வண்டி குழியில் ஏறி இறங்கியபோது காஸ் வலியில் கத்தினான். நார்ப் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

"வாயை மூடு," என்றான் காஸ். "மன்னிப்பெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இவ்வளவு வருஷம் யோசிச்சிருப்பே. அன்னிக்கு ஹாக்கை எடுத்திருக்கணுமா, இல்லையா?"

நார்ப் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நானும் மறுத்திருக்கமாட்டேன்.

"இல்ல," என்றான்.

"என்னது?"

"ஹாக் இங்க வந்திருந்தா அவனும் கெட்டுத்தான் போயிருப்பான். நம்ம பயிற்சியாளன் அவனை நடுவுல நிக்க வெச்சிருப்பான். முழங்கால் ரெண்டே வருஷத்துல போயிருக்கும், ஈஸ்லிக்குப் போன மாதிரி. டில்லரிக்கு முன்னால ஒழுங்கா நாலு பேரை நிறுத்தியிருந்தா..."

"இன்னுமா? இன்னுமா டில்லரி?" காஸ் ஒரு கையால் முன் இருக்கையைக் குத்தினான். "வண்டியை நிறுத்து! இவனை எறக்கி விடு! என் கண்ணையும் எடுத்து, எலும்பையும் ஒடிச்சு, இன்னும் டில்லரிங்கிறான்!"

"அவன் கை வீச்சைப் பாத்திருக்கியா நீ? ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு என்னத்தப் பாத்தே?"

"ரெண்டு கண்ணு இருந்தப்பவே பாத்தேன்டா! ஏரிக்கு அந்தப் பக்கம் எறிவான், ஆமா, அங்கேயும் எதிரியோட ஆளுதான் புடிப்பான்!"

பின்னால் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. மருத்துவமனைக்குத் திரும்பும் தெருவை நான் தாண்டிவிட்டேன். அவர்கள் கவனிக்கவில்லை.